எல்லை ஊரில் வரலாற்று வாதம்: அயர்லாந்தும் தென் திருவிதாங்கூரும்

(கொல்லயிலில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவு)



பட்டம் தாணுப்பிள்ளை என்ற பெயரை இந்த மேடையில் சொன்னால், அவையின் ஒரு பாதிக்கு ஒரு நினைவும் மறுபாதிக்கு வேறொரு நினைவும் வரும். 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் பிறந்தபோது அதன் முதல் தலைவர் அவர். பொறுப்பாட்சி கேட்டுத் திவான் சர் சி.பி. ராமசுவாமி ஐயரை எதிர்த்து நின்றார், சிறை சென்றார். அந்தக் கிளர்ச்சியின்போது ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் கூடிய மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. வீரராகவன் முதலானோர் உயிரிழந்தார்கள். கேரள விடுதலைப் போராட்ட வரலாற்றில் அந்த நாளுக்கு நிலையான இடம் உண்டு.

16 ஆண்டுகள் கழிந்தன. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் முதல்வர் நாற்காலியில் அதே பட்டம் தாணுப்பிள்ளை இருந்தார். தமிழ் வட்டங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரி நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் காவல்துறை சுட்டது. சுட்டது தம் கட்சியின் ஆட்சியே என்ற போதும், பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா அந்த அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்று கேட்டார். குமரி மாவட்டத்தார் அன்று விழுந்தவர்களைத் தியாகிகளாகப் போற்றுகிறார்கள்.

இரண்டு நிகழ்ச்சிகளும் உண்மை. நெய்யாற்றின்கரையும் மார்த்தாண்டமும் ஒரே சாலையில், ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கின்றன. ஆனால் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் படிக்கும் பிள்ளை முதல் நிகழ்ச்சியைக் கேட்பதில்லை. பாறசாலைக்கு இந்தப் பக்கம் படிக்கும் பிள்ளை இரண்டாவதைக் கேட்பதில்லை. இவ்விரண்டையும் ஒரே அவையில் வைத்து, ஆவணத்தோடு, ஊரார் முன்னிலையில் பேச வேண்டிய இடம், கேரள-தமிழ்நாட்டு எல்லையில் உள்ள கொல்லயில் போன்ற ஊர்தான். இந்த உரை அதைத்தான் கேட்கிறது. அதற்குத் துணையாக, இதே சிக்கலோடு நூறு ஆண்டுகளாக வாழும் அயர்லாந்தைச் சாட்சிக்கு அழைக்கிறது.

அயர்லாந்தை அழைக்க இன்னொரு நியாயமும் உண்டு. அயர்லாந்தில் பெயர்பெற்ற வரலாற்று அறக்கட்டளைச் சொற்பொழிவுகளில் ஒன்று ஓடானல் சொற்பொழிவு. அதற்குப் பணம் எழுதி வைத்த சார்லஸ் ஜேம்ஸ் ஓடானல், வங்காளத்தில் ஆட்சிப் பணியில் இருந்த அயர்லாந்துக்காரர். பஞ்ச காலத்து நிர்வாகத்தைக் கண்டித்துத் துண்டு நூல் எழுதி மேலதிகாரிகளின் கோபத்துக்கு ஆளானவர். 1934-இல் அவர் இறந்தபின், அவர் விட்டுச் சென்ற பணத்தில் அயர்லாந்திலும் பிரிட்டனிலும் பல பல்கலைக்கழகங்களில் கெல்ட் இன வரலாறு பற்றிய உரைகள் நடந்தன. ஆக்ஸ்போர்டில் 1955-இல் அந்த உரையை ஆற்றியவர் எழுத்தாளர் டோல்கீன். இந்தியாவில் பஞ்சத்தைக் கண்டவர் ஒருவர், தம் நாட்டு மக்கள் தம் வரலாற்றைக் கேட்க வேண்டும் என்று சொத்தை ஒதுக்கினார். அறக்கட்டளை வைக்கும் குடும்பங்களின் மனம் எல்லா நாட்டிலும் ஒன்றுபோலத்தான் இயங்குகிறது.

எல்லை வரைந்த இரண்டு வரலாற்றறிஞர்கள்

வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் எல்லைக் கமிஷனில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அயர்லாந்திலும் நம் நாட்டிலும் அது நடந்திருக்கிறது.

1921 உடன்படிக்கைப்படி அயர்லாந்து சுதந்திர அரசானது. வடக்கே ஆறு கவுண்டிகள் பிரிட்டனோடு நின்றன. கோடு எங்கே விழ வேண்டும் என்பதை ஒரு கமிஷன் தீர்மானிக்கும் என்று உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சொன்னது. அங்கே வாழும் மக்களின் விருப்பம் பார்க்கப்படும். ஆனால் பொருளாதார, புவியியல் நிலைமைகளுக்கு ஒத்துவரும் அளவுக்கே பார்க்கப்படும். கமிஷன் 1924-இல் கூடியது. தலைவர் தென்னாப்பிரிக்க நீதிபதி ரிச்சர்ட் ஃபீதம். சுதந்திர அரசின் பிரதிநிதி ஓவன் மெக்நீல், டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பண்டைய அயர்லாந்து வரலாற்றுப் பேராசிரியர். ஐரிஷ் மொழியை மீட்க 1893-இல் தொடங்கப்பட்ட கெயிலிக் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். மக்கள் விருப்பத்தைவிடப் பொருளாதார நிலைமையே மேல் என்று ஃபீதம் 12ஆம் பிரிவுக்குப் பொருள் கொண்டார். 1925 நவம்பர் 7 அன்று லண்டன் 'மார்னிங் போஸ்ட்' நாளேடு கமிஷனின் முடிவைக் கசியவிட்டது. சிறு சிறு மாற்றங்கள் தவிர எல்லை அப்படியே இருக்கும், அதிலும் கிழக்கு டோனகாலின் ஒரு பகுதி வடக்கே போகும் என்று தெரிந்ததும் டப்ளின் கொதித்தது. மெக்நீல் பதவி விலகினார். டிசம்பர் 3 அன்று மூன்று அரசுகளும் பழைய கோட்டையே ஏற்று ஒப்பந்தம் செய்தன. கமிஷனின் அறிக்கை பூட்டி வைக்கப்பட்டு, 1969-இல்தான் வெளியே வந்தது. அந்த 44 ஆண்டுகளும் கமிஷனின் காரணங்களை யாரும் படித்து வாதிட முடியவில்லை. வதந்தியும் வசையுமே மிஞ்சின.

இந்தியாவில் மாநிலச் சீரமைப்புக் கமிஷனில் பசல் அலி, குன்ஸ்ரு ஆகியோரோடு அமர்ந்த மூன்றாமவர் காவாலம் மாதவ பணிக்கர், அதாவது கே.எம். பணிக்கர். கேரளக் கடற்கரையில் போர்த்துகீசியர் நடத்திய ஆட்சி பற்றியும், ஆசியாவின் மேல் மேற்கு நாடுகள் செலுத்திய ஆதிக்கம் பற்றியும் எழுதிய வரலாற்றாசிரியர். 1955 செப்டம்பர் 30 தேதியிட்ட அறிக்கை, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைத் தமிழ்நாட்டுக்குத் தரச் சொன்னது. நெய்யாற்றின்கரையைக் கேரளத்தில் நிறுத்தியது. தமிழர் அதிகம் வாழ்ந்த தேவிகுளத்தையும் பீர்மேட்டையும், தோட்டத் தொழிலாளர் வந்து போகும் மக்கள் என்றும் கேரளத்தின் பொருளாதாரத்துக்கு அப்பகுதிகள் தேவை என்றும் காரணம் காட்டிக் கேரளத்திலேயே விட்டது. மக்கள் விருப்பத்துக்கு எதிரே பொருளாதாரத்தை நிறுத்திப் பார்த்த ஃபீதத்தின் தராசு இங்கேயும் தென்படுகிறது. பணிக்கர் மலையாளி என்பதால் தமிழ்நாட்டில் அவர்மேல் எழுந்த மனத்தாங்கல் இன்றும் தணியவில்லை.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இந்த அறிக்கை அச்சாயிற்று. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் விவாதத்துக்கு வந்தது. நூலகங்களில் கிடைக்கிறது. பணிக்கர் தம் பெயரில் தனியாக எழுதிச் சேர்த்த குறிப்பு உத்தரப் பிரதேசத்தைப் பிரிப்பது பற்றியது. திருவிதாங்கூர் பகுதியில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இதை அறிக்கையைத் திறந்து பார்த்தால் எவரும் தெரிந்துகொள்ளலாம். பணிக்கர்மேல் கோபமிருப்பவரும் அவருக்காகப் பேசுபவரும் முதலில் அந்தப் பக்கங்களைப் புரட்டட்டும். வாதம் அதற்குப் பிறகு தொடங்கட்டும்.

வானொலியில் வந்த வரலாறு

நெய்யாற்றின்கரையில் துப்பாக்கி வெடித்த அதே 1938-இல் அயர்லாந்தில் ஓர் ஆய்விதழ் தொடங்கியது. பெல்ஃபாஸ்டில் பிறந்த டி.டபிள்யூ. மூடியும் டப்ளின்காரரான ராபின் டட்லி எட்வர்ட்ஸும் சேர்ந்து நடத்திய 'ஐரிஷ் ஹிஸ்டாரிகல் ஸ்டடீஸ்' அது. எல்லைக்கு இருபுறமும் இருந்த வரலாற்றுச் சங்கங்கள் இரண்டும் கூட்டாக வெளியிட்டன. அரசுகள் முகம் கொடுத்துப் பேசாத காலத்தில் வரலாற்று மாணவர்கள் ஒரே இதழில் எழுதினார்கள்.

இதழ் அறிஞருக்கு. ஊராருக்கு? 1953 முதல் ஐரிஷ் வானொலி 'தாமஸ் டேவிஸ் சொற்பொழிவுகள்' என்ற வரிசையை ஒலிபரப்பியது. அரை மணி நேரம் ஒரு வரலாற்றறிஞர் பேசுவார். சமையலறையிலும் பட்டறையிலும் மக்கள் கேட்பார்கள். பிறகு அந்த உரைகள் நூலாகும். 1966-இல் தொலைக்காட்சியில் 21 உரைகளாக அயர்லாந்தின் முழு வரலாறும் சொல்லப்பட்டது. மூடியும் எஃப்.எக்ஸ். மார்ட்டினும் பதிப்பித்து 1967-இல் வந்த அந்த நூல் திருத்திய பதிப்புகளாக இன்றும் விற்கிறது.

அதே 1966, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சியின் பொன்விழா ஆண்டு. பிரான்சிஸ் ஷா என்ற இயேசு சபைப் பாதிரியார் விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதினார். எழுச்சியின் தலைவர்களை மட்டுமே தேசபக்தர்களாக்கி, முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து மடிந்த ஆயிரக்கணக்கான ஐரிஷ் இளைஞர்களை மறப்பது நியாயமா என்று அதில் கேட்டிருந்தார். விழா நேரத்தில் இது தகாது என்று கட்டுரையை நிறுத்திவைத்தார்கள். ஷா 1970-இல் காலமானார். கட்டுரை 1972-இல் அச்சேறியது. அதற்குள் வடக்கே குண்டுகள் வெடிக்கத் தொடங்கியிருந்தன. கேட்க வேண்டிய காலத்தில் கேட்கப்படாத கேள்வி, இரத்தம் சிந்தும் காலத்தில் மேடைக்கு வந்தது.

அடுத்து எழுந்தது 'திருத்த வரலாறு' என்ற பெரும் சச்சரவு. தேசியக் கட்டுக்கதைகளை ஆவணத்தால் சோதிக்க வேண்டும் என்பது மூடியின் வழி. 1989-இல் பிரெண்டன் பிராட்ஷா எதிர்க் கேள்வி எழுப்பினார். 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்தார்கள், இன்னும் 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். இவ்வளவு பெரிய துயரை உணர்ச்சியில்லாத நடையில் எழுதுவதும் உண்மையைக் குறைத்துச் சொல்வதுதானே என்றார். இரு தரப்பும் இதழில் எழுதியது, மேடையில் மோதியது, மாணவர்கள் இரு தரப்பையும் படித்தார்கள். யார் வென்றார் என்பதைவிட, பஞ்சத்தைப் பற்றிய ஆய்வு அதற்குப் பிறகு பல மடங்கு பெருகியது என்பதே பெரிய பயன்.

கில்மைக்கேல்: ஒரு சண்டையின் நீண்ட நிழல்

1920 நவம்பர் 28 அன்று கார்க் கவுண்டியில் கில்மைக்கேல் என்ற இடத்தில் டாம் பாரி தலைமையிலான ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் விடுதலைப் படை, பிரிட்டிஷ் துணைப் படையினர் வந்த இரண்டு லாரிகளை மறித்தது. துணைப் படையினர் 17 பேர் உயிரிழந்தார்கள். சரணடைவதாகச் சொல்லிவிட்டு மீண்டும் சுட்டதால்தான் எல்லோரையும் கொல்ல நேர்ந்தது என்று பாரி எழுதினார். கார்க்கின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்தக் கதை மனப்பாடம்.

1998-இல் கனடா நாட்டு வரலாற்றாசிரியர் பீட்டர் ஹார்ட், அந்தப் பொய்ச் சரணடைவு நடக்கவேயில்லை, சரணடைந்தவர்களைக் கொன்றார்கள் என்று எழுதினார். சண்டையில் இருந்த முதியவர்களைப் பேட்டி கண்டதாகச் சொன்னவர், அவர்களின் பெயரை வெளியிடவில்லை. ஊர் ஆய்வாளர்களும் மீடா ரயன், நைல் மீஹன் போன்றோரும் எதிர்த்து எழுதினார்கள். ஹார்ட் குறித்த பேட்டித் தேதிகளில் ஒன்று, அந்தச் சண்டையில் பங்கெடுத்தவர்களில் கடைசியாக வாழ்ந்தவர் இறந்து சில நாள் கழித்து வருகிறது என்று சுட்டிக்காட்டினார்கள். ஹார்ட்டின் தரப்பாரும் சும்மா இருக்கவில்லை. பேட்டி ஒலிநாடாக்களும் பழைய குறிப்புகளும் மேடைக்கு வந்தன. ஹார்ட் 2010-இல் இறந்த பிறகும் வாதம் தொடர்ந்தது.

இந்த வாதத்தை மேடையில் நடத்த முடிந்ததற்குக் காரணம் ஒரு பெட்டகம். 1947 முதல் 1957 வரை அயர்லாந்து அரசு விடுதலைப் போரில் இருந்தவர்களிடம் நேரில் வாக்குமூலம் வாங்கியது. 1,773 சாட்சிகள் பேசினார்கள். 2003-இல் அவற்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்று கார்க்கில் ஒரு பள்ளி மாணவி தன் கொள்ளுத்தாத்தா 1920-இல் என்ன செய்தார் என்று அவர் சொற்களிலேயே படிக்கலாம். பேராசிரியர் எழுதியது தவறென்று பட்டால் அவையில் எழுந்து சொல்லலாம். 'ஹிஸ்டரி அயர்லாந்து' இதழ் ஊர் ஊராக நடத்தும் வரலாற்று வாத அரங்குகளுக்கு, கத்தோலிக்கரை ஒடுக்கிய தண்டச் சட்டங்களின் காலத்தில் வேலியோரத்தில் இரகசியமாக நடந்த ஏழைகளின் பள்ளிக்கூடங்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

முஞ்சிறையின் செப்பேடு

இவ்வளவும் கேட்டபின், இப்படி வாதிடும் பழக்கம் நம் மண்ணுக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்லைக்கு அப்பால், கன்னியாகுமரி மாவட்டத்தில் முஞ்சிறை அருகே பார்த்திபசேகரபுரம் இருக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து இடம் வாங்கி, விஷ்ணு கோவிலும் அதோடு ஒரு சாலையும் அமைத்தான். சாலை என்றால் உணவும் உறைவிடமும் தந்து பாடம் சொல்லும் நிறுவனம். அதற்கான செப்பேடு தமிழில் இருக்கிறது. 95 மாணவர்கள், வேதப் பிரிவுவாரியாக 45, 36, 14 என்று இடம் ஒதுக்கீடு. சேர வருபவர் இலக்கணமும் மூன்று நாட்டு வழக்கு நடைமுறையும் அறிந்திருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் இழித்துப் பேசினால் தண்டம். அடித்தால் சோறு கிடையாது. கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரக் கூடாது. 1,150 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் வாதம் செய்பவர்களுக்கு அவை ஒழுக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சாலை காந்தளூர்ச் சாலையின் முறைப்படி அமைந்தது என்று செப்பேடு சொல்கிறது. அங்கேதான் நம் வரலாற்றறிஞர்களின் நெடுநாள் வழக்கு தொடங்குகிறது. முதலாம் ராஜராஜன் தன் வெற்றிகளில் முதலாவதாகச் சொல்லிக்கொள்வது காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்ததை. அது துறைமுகத்தில் கப்பல்களை அழித்தது என்று தொடக்கக் காலக் கல்வெட்டறிஞர்கள் கொண்டார்கள். நாஞ்சில் நாட்டுக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதை ஏற்கவில்லை. கவிஞராக மட்டுமே நாம் அறிந்த அவர் கல்வெட்டுகளைத் தேடித் தேடிப் படி எடுத்தவர். காந்தளூர்ச் சாலை பற்றித் தனி ஆய்வே எழுதினார். சாலை உண்டுறைக் கல்வி நிலையம், கலம் உண்ணும் முறை சார்ந்தது என்ற பக்கம் அவர் நின்றார். எம்.ஜி.எஸ். நாராயணன், அங்கே வேதத்தோடு படைப் பயிற்சியும் இருந்தது, அதனால்தான் சோழன் அதைத் தாக்கினான் என்று வாதிட்டார். இடம் எது என்பதிலும் ஒரு கட்சி திருவனந்தபுரம் வலியசாலையைக் காட்டும். இன்னொரு கட்சி விழிஞ்ஞம் பக்கம் திரும்பும்.

தமிழரும் மலையாளிகளும் இருபுறமும் கலந்து நின்ற வழக்கு இது. இன மானம் பற்றிய பேச்சு அதில் தலைதூக்கவில்லை. காரணம் தெளிவு: டி.ஏ. கோபிநாத ராவ் பதிப்பித்த திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையில் செப்பேட்டின் மூலம் அச்சாகி எல்லோர் கையிலும் இருந்தது. அதற்கும் முன்னர், 'மனோன்மணீயம்' எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை, வேணாட்டு அரசர் பட்டியலை அரண்மனை மரபு சொன்னபடி ஏற்காமல், கோவில் கோவிலாகக் கல்வெட்டுகளைப் பார்த்து ஆண்டுக் கணக்கால் சோதித்து எழுதினார். ஆலப்புழையில் பிறந்த தமிழ்ப் புலவர், திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர், வேணாட்டு வரலாற்றின் முன்னோடி. இந்த மூன்றும் ஒரே மனிதர். எல்லையில் வாழ்பவர்களுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடைக்காது.

வில்லும் பலாமரமும்

அறிஞர் மேடை எழும்புமுன் ஊரார் வரலாறு கேட்ட மேடை வில்லுப்பாட்டு. தென் திருவிதாங்கூர்க் கோவில் கொடைகளில் இரவிக்குட்டிப் பிள்ளை போரைப் பாடுவார்கள். 1634-இல் கணியாகுளத்தில் திருமலை நாயக்கரின் படையோடு பொருது மாண்ட வேணாட்டுத் தளபதியின் கதை அது. தம்பிமார் கதையையும் பாடுவார்கள். அரியணைப் போட்டியில் தோற்ற பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அதில் வஞ்சகத்தால் வெட்டுண்ட வீரர்கள். கேட்கும் பெண்கள் கண்ணீர் விடுவார்கள். நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோவிலுக்குள் போனால் கதை திரும்பிவிடுகிறது. அங்கே காப்பாற்றி வைத்திருக்கும் அம்மச்சிப் பிலாவு, எதிரிகள் துரத்தியபோது இளவரசன் மார்த்தாண்ட வர்மன் ஒளிந்த பலா என்று வழங்கும் மரம். துரத்தியவர்கள் தம்பிமாரின் கட்சியார். 1891-இல் சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' நாவல் வந்தபின் மலையாள வாசகருக்குத் தம்பிமார் கெட்டவர்களாகவே நிலைத்துவிட்டார்கள்.

வில்லுப்பாட்டு தோற்றவர் பக்கத்தைப் பாதுகாத்தது, மரமும் நாவலும் வென்றவர் பக்கத்தை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் வாய்ப்பு எல்லை ஊருக்கே உண்டு. ஒரு மாலையில் முதலில் வில்லுப்பாட்டு, அடுத்து நாவல் வாசிப்பு, பிறகு 1878-இல் சங்குண்ணி மேனன் எழுதிய வரலாறும் 1906-இல் நாகம் ஐயா எழுதிய கையேடும் இதற்கு என்ன சான்று தருகின்றன என்று ஒரு வரலாற்றறிஞரின் உரை. இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

பாடத்திலிருந்து எடுத்த பக்கங்கள்

வலிக்கும் வரலாறும் உண்டு. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த போராட்டம் இந்த வட்டங்களின் சந்தைகளிலும் சாலைகளிலும் நடந்தது. 1829 பிப்ரவரி 3 அரசாணை, கிறித்தவ நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மேல்முண்டு போடக் கூடாது என்றது. 1858-இலும் 1859-இலும் கலவரம் மீண்டும் மூண்டது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரவெல்யன் நெருக்க, 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மன்னர் எல்லா நாடார் பெண்களும் மேனியை மூடிக்கொள்ளலாம் என்று அறிவித்தார். பாறசாலையிலும் திருவனந்தபுரத்திலும் பணியாற்றிய மிஷனரி சாமுவேல் மேட்டீர் 1871-இல் எழுதிய நூல், அந்தக் காலத்துச் சாதிக் கொடுமைகளுக்கு ஒரு சாட்சி.

அதே சமூகத்தின் தோற்றம் பற்றிய முதல் பெரிய அச்சு வாதத்தைத் தொடங்கி வைத்தவர் அயர்லாந்தில் பிறந்தவர். ஆண்ட்ரிம் கவுண்டி கிளேடியில் 1814-இல் பிறந்த ராபர்ட் கால்டுவெல், 1849-இல் திருநெல்வேலிச் சாணார் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர்கள் வெளியிலிருந்து குடியேறியவர்கள் என்றும், தாழ்ந்த நிலையினர் என்றும் அதில் எழுதியது அந்தச் சமூகத்தைப் புண்படுத்தியது. சட்டாம்பிள்ளை முதலானோர் மறுத்து எழுதினார்கள். துண்டு நூல்களும் மனுக்களும் பல ஆண்டு தொடர்ந்தன. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காக நாம் கொண்டாடும் அதே அறிஞர், மக்கள் முன் தம் கூற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. படித்தவர் எழுதியதை, யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களே மறுத்த அந்தச் சண்டை, தமிழ் வரலாற்றெழுத்தின் சிறந்த அத்தியாயங்களில் ஒன்று.

அந்தக் கேள்வி 21ஆம் நூற்றாண்டிலும் வந்தது. ஒன்பதாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. நூலில் ஆடையின் சமூக வரலாறு பற்றிய பாடத்தில் இந்தப் போராட்டம் இடம்பெற்றிருந்தது. நாடார்கள் திருவிதாங்கூருக்குக் குடிபெயர்ந்து வந்தவர்கள் என்று பொருள்படும் வரிக்கு எதிர்ப்பு எழுந்து, வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. அந்தப் பகுதியைத் தேர்வுக்குரிய பாடத்திலிருந்து விலக்கியது. 2019-இல் பாடமே நூலிலிருந்து போய்விட்டது. எதிர்த்தவர்களின் குறையில் நியாயம் இருந்தது. ஒரு சமூகத்தை வந்தேறி என்று எழுதுவதைத் திருத்தச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கிடைத்தது திருத்தம் இல்லை. தவறான வரியோடு 1859-உம் சேர்ந்து போயிற்று. தம் பாட்டிமார் போராடி வென்ற உரிமையைப் பேத்திகள் பள்ளியில் படிக்காமல் போகிறார்கள். பிரான்சிஸ் ஷாவின் கட்டுரையைப் பூட்டி வைத்தவர்களும் அமைதிக்காகத்தான் அப்படிச் செய்தார்கள்.

கொல்லயிலில் என்ன செய்யலாம்

பழைய நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது ஊருட்டம்பலம். அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையர் சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பள்ளியில் உட்காரவைத்த இடம். ஆத்திரமுற்றவர்கள் பள்ளிக்குத் தீ வைத்தார்கள். பாதி எரிந்த பெஞ்சு ஒன்றை இன்றும் அங்கே பாதுகாக்கிறார்கள். அந்த நிகழ்ச்சி நடந்த ஆண்டை நூலுக்கு நூல் வேறுவேறாக எழுதுகிறார்கள். 1888-இல் நாராயண குரு சிவலிங்கம் நிறுவிய அருவிப்புரமும் இதே வட்டம். இப்படி ஒவ்வொரு கல்லும் பலகையும் வாதத்துக்குக் காத்திருக்கும் மண்ணில் ஒரு வரலாற்று அரங்கை நிலைநாட்ட என்னென்ன வேண்டும்?

முதல் தேவை, பேச்சாளர் எந்த ஆவணத்தை வைத்துப் பேசுகிறாரோ அதன் நகல் அவையில் இருப்போர் கைக்குப் போக வேண்டும். தமிழ் மூலத்துக்கு மலையாளத்திலும் மலையாள மூலத்துக்குத் தமிழிலும் பொருள் சொல்லப்பட வேண்டும். இரு மொழியும் ஒரே வாயில் புழங்கும் இந்த ஊரில் அதைச் செய்ய ஆள் தேட வேண்டியதில்லை. இரண்டாவது, ஒரு நிகழ்ச்சிக்கு எல்லையின் இருபுறத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும், ஒருவர் உரைக்கு மற்றவர் மறுமொழி சொல்ல வேண்டும், இரண்டும் ஒரே புத்தகமாக அச்சாக வேண்டும். மூன்றாவது, அவையில் இருக்கும் பெரியவர் எழுந்து தம் வீட்டில் கேட்டதைச் சொன்னால், அதையும் பெயரோடு பதிவு செய்ய வேண்டும்.

அந்த மூன்றாவதுதான் அவசரமானது. 1954-இல் இருபது வயது இளைஞராக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டார். அயர்லாந்து தன் போர் முடிந்து ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகளில் சாட்சிகளைத் தேடிப் போனது. நாம் எழுபது ஆண்டு தாண்டி நிற்கிறோம். கல்லூரி மாணவர்கள் கைப்பேசியோடு வீடு வீடாகப் போனாலே பாதி வேலை முடியும். கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. கோடு விழுமுன் உங்கள் பள்ளியில் எந்த மொழி? கல்யாணச் சம்பந்தம் எந்த ஊர்களில்? போராட்ட நாளில் கடை அடைத்தீர்களா, திறந்தீர்களா? 1956 நவம்பர் 1-க்குப் பிறகு நில வரி கட்ட எங்கே போனீர்கள்? பழைய ஆதாரங்கள், சபைப் பதிவேடுகள், கோவில் கணக்கோலைகள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன?

இந்த அறக்கட்டளையின் அடுத்த உரைக்கு ஒரு தலைப்பை முன்வைக்கலாம்: நெய்யாற்றின்கரை ஏன் கேரளத்தில் நின்றது? மாநிலச் சீரமைப்புக் கமிஷன் அறிக்கையின் அந்தப் பக்கங்கள், 1951 மக்கள்தொகைக் கணக்கின் மொழி அட்டவணை, இரு தரப்பும் கமிஷனுக்குக் கொடுத்த மனுக்கள் ஆகியவற்றை ஒரு மாதம் முன்பே நகலெடுத்துப் பாறசாலையிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள நூலகங்களில் வைத்துவிட்டால், கேட்க வருபவர்கள் படித்துவிட்டு வருவார்கள். நாகர்கோவிலிலிருந்து ஒருவரும் திருவனந்தபுரத்திலிருந்து ஒருவரும் ஆளுக்கு நாற்பது நிமிடம் பேசட்டும். அதற்குச் சரிபாதி நேரம் ஊராரின் கேள்விக்கு இருக்கட்டும். வாக்குமூலம் தந்த பெரியவர்களை முன்வரிசையில் அமர்த்தி, அவர்களில் பேச இயன்றவர்களை முதலில் பேச வைத்து, அதன் பிறகு பேராசிரியர்களை அழைக்கலாம்.